பதிவேட்டில் உள்ள பெயர்

ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். இங்கே நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். பாப்பாவுக்கு மட்டும் லேசா இருமல். உன் முழங்கால் எப்படி இருக்கு? தையல் மெஷினை மிதிக்கறதைக் குறைச்சுக்கோன்னு போன கடிதத்திலேயே எழுதினேன். நீ கேட்கற ஆளா?

ஒரு நல்ல சேதி. எங்க அலுவலகத்துல சொல் திருத்தப் பிரிவுன்னு ஒண்ணு புதுசா ஆரம்பிச்சு, அதுக்கு என்னைப் பொறுப்பாளரா போட்டிருக்காங்க. படிவம், சான்றிதழ், பெயர்ப்பலகை, காப்பகங்களோட பதிவேடு, எங்கெல்லாம் குருடன், செவிடன், நொண்டி, மந்தபுத்தின்னு இருக்கோ அதையெல்லாம் எடுத்துட்டு மரியாதையான சொல்லைப் போடணும். அறை முழுக்கப் பழைய காகிதம்தான். தும்மித் தும்மி மூக்கு சிவந்து போச்சு.

ஒரு இல்லத்தோட பலகையைக் கழற்றிக் கொண்டு வந்தாங்க. நாலு தடவை மேல மேல பெயிண்ட் அடிச்சிருக்கு. சுரண்டிப் பார்த்தோம். மேலே ‘மனவளர்ச்சி குன்றியோர்’. அதுக்கு அடியில ‘மூளை வளர்ச்சி குறைந்தோர்’. அதுக்கும் அடியில ‘மந்தபுத்தியினர்’. கடைசியில ‘மூடர் காப்பகம்’. வேடிக்கை என்னன்னா ஒவ்வொண்ணையும் அந்தந்தக் காலத்துல மரியாதைக்காகத்தான் மாத்தியிருக்காங்க. ‘மந்தபுத்தி என்பது யாரையும் புண்படுத்தாத சொல், டாக்டர்கள் ஒப்புக்கொண்டது’ன்னு ஒரு பழைய அதிகாரி அழகான கையெழுத்துல குறிப்பு எழுதி வெச்சிருக்கார். அதே சொல்லைத்தான் எங்க கணக்கு வாத்தியார் சாக்பீஸோட சேர்த்து எங்க மேல எறிவார், ஞாபகம் இருக்கா?

இனிமே எல்லா இடத்துலயும் ‘தனித்திறனாளர்’. என் யோசனைதான். கூடவே பன்னிரண்டு விதியும் எழுதியிருக்கேன். ஏழாவது எனக்கு ரொம்பப் பிடிச்சது. இல்லங்கள்ல இருக்கறவங்களைப் பதிவேட்டுல உள்ள பெயரால மட்டும்தான் கூப்பிடணும். பட்டப்பெயரோ பழைய சொல்லோ எந்த ஊழியர் வாயிலிருந்து வந்தாலும் நடவடிக்கை உண்டு. விலக்க வேண்டிய சொற்களோட பட்டியல் ஒண்ணு உனக்கும் வெச்சிருக்கேன், படிச்சுப் பாரு.

அவன் சௌக்கியமா இருக்கானா? உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தம்பி

ஜனவரி 20

என் ராசா தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா? என் முழங்காலுக்கு என்ன, அது வலிக்கும், நான் மிதிப்பேன். எங்க ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு.

உன் பட்டியல் வந்தது. பெரிய மனுஷன் ஆயிட்டேடா நீ. ஐம்பத்தி நாலு வார்த்தை போட்டிருக்கே. அதுல முப்பத்தி ரெண்டாவது இப்ப என் எதிர்ல தரையில உட்கார்ந்து ஓட்டுத் தையல் நூலைப் பிரிச்சுட்டு இருக்கு. ‘மண்டு, உன் பேரு பேப்பர்ல வந்திருக்குடா’ன்னேன். வாயெல்லாம் பல். பேப்பரை வாங்கி முகர்ந்து பார்த்தான்.

‘அவன் சௌக்கியமா’ன்னு கேட்டிருக்கே. எவன்? உனக்கு மூணு வயசு மூத்தவன். மண்டுன்னு எழுதக் கை கூசுதுன்னா அண்ணன்னாவது எழுதலாம்ல. நீ வந்து பார்த்து ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் வாசல்ல சைக்கிள் மணி கேட்டா நீதான்னு எழுந்திருக்கறான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். பயப்படாதே. வயித்துல ஒரு கட்டி. எடுத்துடணும்கறார் டாக்டர். ஆஸ்பத்திரியில படுக்கணும், அப்புறம் தேறணும், எல்லாம் சேர்த்து ரெண்டு மூணு மாசம். எனக்கு என்னைப் பத்திக் கவலை இல்லைடா. இவனை யார் பார்ப்பா? நீ கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போய் வெச்சுக்கோ. தொந்தரவே இல்லை. கந்தல் துணி கொடுத்தா நாள் முழுக்க நூல் பிரிச்சுட்டுக் கிடப்பான். ஒண்ணே ஒண்ணு. ‘மண்டு, சாப்பிட வாடா’ன்னு கூப்பிடணும். கூப்பிடாம தட்டை முன்னால வெச்சா தொட மாட்டான். அவனுக்கு அது ஒரு மானம் மாதிரி. அம்மா போன அன்னைக்கு நான் அழுதுட்டே மறந்துட்டேன், ரெண்டு நாள் பட்டினி கிடந்தான். உனக்குத்தான் தெரியுமே.

சீக்கிரம் பதில் போடு. தேதி கேட்கறாங்க. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாச் சொல்லு.

அக்கா

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாயிடுச்சு, கோவிச்சுக்காதே. உன் உடம்பு சேதி கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நல்ல டாக்டர்தானே? வேளா வேளைக்குச் சாப்பிடறயா?

நீ கேட்டதை யோசிச்சேன். எங்க வீடு ரெண்டே அறை. பாப்பாவுக்குப் பரீட்சை. மாமனார் மாமியார் வேற வந்து ஒரு மாசமா இருக்காங்க. அவங்ககிட்ட நான் சில விஷயம் எல்லாம் இன்னும் பேசினதில்லை. பாப்பாவும் சின்னப் பெண்.

அதனால வேற ஏற்பாடு பண்ணியிருக்கேன். எங்க துறைக்குக் கீழ இருக்கற இல்லம், இங்கேயிருந்து பஸ்ல அரை மணி. சுத்தமான இடம், தோட்டம் இருக்கு, நல்ல ஊழியர்கள். விண்ணப்பத்தை நானே எழுதிக் கொடுத்துட்டேன். உறவினர்ங்கற இடத்துல உன்னை மட்டும் போட்டிருக்கேன், நான் அதே துறையில இருக்கறதால அதுதான் முறை. ‘வழக்கமாக அழைக்கும் பெயர்’னு பழைய படிவத்துல ஒரு கட்டம் இருந்தது. புதுப் படிவத்துல அதை எடுத்தாச்சு.

மார்ச் முதல் தேதி கூட்டிட்டு வரலாம். அன்னைக்கு எனக்கு வெளியூர்ல கூட்டம் இருக்கு. நீ தைரியமா இரு.

உன் தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதறேன். எல்லாரும் சுகமா இருப்பீங்க. நானும் இருக்கேன்.

விட்டுட்டு வந்துட்டேன். சுத்தமான இடம்தான், நீ சொன்னது பொய்யில்லை. தரை பளபளன்னு இருக்கு. கண்காணிப்பாளர் மரியாதையா நாற்காலி போட்டார். மண்டுவைப் பார்த்து அவனோட பதிவேட்டுப் பெயரைச் சொல்லி ‘வாங்க சார்’னார். இவன் எனக்குப் பின்னால வேற யாரையோ கூப்பிடறார்னு நினைச்சுத் திரும்பிப் பார்த்தான். எனக்கே அந்தப் பேர் கேட்டு முப்பது வருஷம் இருக்கும். சான்றிதழைத் தேடி எடுத்துத்தான் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன்.

‘ஐயா, இவனை மண்டுன்னு கூப்பிட்டாத்தான் சாப்பிடுவான்’னேன். அவர் முகம் மாறிப்போச்சு. சுவத்துல ஒட்டியிருக்கற காகிதத்தைக் காட்டி, ‘அம்மா, அந்தச் சொல்லை இங்கே சொல்லக்கூடாது, எங்க வேலை போயிடும்’னார். கிட்டப் போய்ப் பார்த்தா உன் ஏழாவது விதி. இது என் தம்பி எழுதினதுன்னு சொல்ல வாயெடுத்தேன். நீ உறவுன்னு போடலையேன்னு முழுங்கிட்டேன்.

வெளியே வரும்போது சமையல்காரம்மா கையைப் பிடிச்சுட்டேன். நல்ல தடிச்ச பொம்பளை, தங்கமான மனசு. காதுல சொன்னேன். ‘இதானா அக்கா, நான் மெதுவா கூப்பிட்டு ஊட்டிடறேன், நீ போ’ன்னுச்சு. நான் பஸ் ஏறற வரைக்கும் அவன் கம்பி கேட்டைப் பிடிச்சுட்டு நின்னான். அழலை. நான் திரும்பிக் கூப்பிடுவேன்னு நினைச்சிருப்பான்.

உனக்கு அரை மணி தூரம்தானே. ஞாயித்துக்கிழமை ஒரு எட்டுப் போய்ப் பாரு தம்பி. வேற ஒண்ணும் கேட்கலை.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஆபரேஷன் தேதி குறிச்சாச்சா? மனசைத் தளரவிடாதே. பாப்பா பரீட்சை நல்லா எழுதியிருக்கா.

விசாரிச்சேன். இல்லத்துலேர்ந்து வந்த அறிக்கையில நல்லா சாப்பிடறதா இருக்கு. எடைகூட ஏறியிருக்கு. நேர்ல போக இன்னும் நேரம் கிடைக்கலை.

இங்கே ஒரு கூத்து. புதுச் சொல் எல்லா அலுவலகத்துக்கும் போய் ரெண்டு மாசம் ஆகலை. நேத்து தட்டச்சர் ஒரு கடிதத்துல தேதியைத் தப்பா அடிச்சுட்டார். தலைமை எழுத்தர் சிரிச்சுட்டே, ‘என்னய்யா நீ, தனித்திறனாளரா?’ன்னார். அறையே சிரிச்சுது. நான் எழுந்து கண்டிச்சேன். ‘கெட்ட வார்த்தையா சார் சொன்னேன், நீங்க கொடுத்த வார்த்தைதானே’ன்னார். பழைய பலகையை அன்னைக்குச் சுரண்டினதே தப்புன்னு தோணுது. அடியில இருந்தது தெரியாமலே இருந்திருக்கும்.

விதிகளை மீறினதா அங்கங்கே புகார் வர ஆரம்பிச்சிருக்கு. தினம் ஏழெட்டுக் கோப்பு கையெழுத்துக்கு வருது. வேலை அதிகம். அதான் சுருக்கமா முடிக்கறேன்.

உன் தம்பி

ஏப்ரல் 4

தம்பிக்கு,

ஆஸ்பத்திரியில படுத்துட்டே எழுதறேன், எழுத்து கோணல்மாணலா இருக்கும். ஆபரேஷன் முடிஞ்சுது. பக்கத்துக் கட்டில்காரி தண்ணி எடுத்துக் கொடுக்கறா. நீங்க எல்லாரும் சுகம்தானே?

ஜன்னலுக்குக் கீழ பசங்க பந்து விளையாடறாங்க. ஒருத்தன் பந்தை விட்டுட்டா மத்தவங்க எல்லாம் ‘டேய் தனித்திறனு! டேய் தனித்திறனு!’ன்னு கத்தறாங்க. இங்கேயும் வந்து சேர்ந்துடுச்சுடா உன் வார்த்தை. நீ இன்னும் நூறு செஞ்சு அனுப்பு, நூறையும் கல்லுக்குப் பதிலா எறிவாங்க. எறியற கை அப்படியேதானே இருக்கு.

அதை விடு. சமையல்காரம்மா கடிதம் போட்டிருக்கு. இவனை மண்டுன்னு கூப்பிட்டதுக்காக அது மேல யாரோ புகார் எழுதி, மேலேயிருந்து உத்தரவு வந்து, சமையல் கட்டை விட்டுத் துணி துவைக்கற பக்கம் மாத்திட்டாங்களாம். சாப்பாட்டுக் கூடத்துப் பக்கமே வரக்கூடாதாம். அவன் பத்து நாளா சரியாச் சாப்பிடலை. தட்டு முன்னால உட்கார்ந்து வாசலையே பார்க்கறானாம். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பலைன்னு, காது டாக்டர்கிட்ட காட்டணும்னு எழுதி வெச்சிருக்காங்களாம்.

எந்தப் படுபாவி கையெழுத்துப் போட்டானோ. உன் ஆபீஸ்தானே, யாருன்னு பார்த்து மாத்தச் சொல்லு. அது முடியலைன்னா நீயே போ. ஒரு தடவை போய்க் கூப்பிடு. நீ கூப்பிட்டா எழுந்து வருவான். உன் காலைப் பிடிச்சுக் கேட்கறேன்.

அக்கா

ஏப்ரல் 15

தம்பி,

உடம்பு கிடக்கட்டும். பதில் ஏன் போடலை?

எழுந்து நிக்கவே விட மாட்டேங்கறாங்க என்னை. தையல் பிரிஞ்சுடுமாம். சமையல்காரம்மா மறுபடி எழுதியிருக்கு. ரெண்டு பேர் கையைப் பிடிச்சுக்க ஒருத்தர் ஊட்டினாங்களாம் மண்டுவுக்கு. துப்பிட்டானாம். எப்படிடா சாப்பிடுவான், அவனை யாரும் கூப்பிடலையே.

போடா. இன்னைக்கே போ. என்னைப் பத்தி நினைச்சுக்கூடப் பார்க்க வேணாம், அவனைப் போய்ப் பாரு.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நேத்து இல்லத்துக்குப் போயிருந்தேன். பார்த்தேன். சாப்பிட்டான். நீ கவலைப்படாம உடம்பைத் தேத்திக்கோ. மத்ததை நேர்ல பேசலாம்.

உன் தம்பி

ஏப்ரல் 28

என் ராசாவுக்கு,

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் பாப்பாவுக்கும் ஒரு குறையும் வராது. நல்லா இருப்பீங்க, இந்த அக்கா வாயாரச் சொல்றேன்.

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில்காரிக்கு மூணு தடவை படிச்சுக் காட்டினேன். ‘நாலு வரிதானேம்மா எழுதியிருக்கான்’கறா. அவளுக்கு என்ன தெரியும்? என் தம்பி அப்படித்தான். மனசுல மலையளவு இருக்கும், வெளியே கடுகளவுதான் வரும்.

என்ன சாப்பிட்டான்? ரொட்டியா, முட்டையா? உன்னைப் பார்த்ததும் என்ன பண்ணினான்? சட்டைக் கையில நூல் ஏதாவது தொங்கினா பிடிச்சு இழுத்திருப்பானே, திட்டாம விட்டயா? எல்லாத்தையும் எழுது. பொழுது போகலை எனக்கு.

இன்னும் பத்து நாள்ல அனுப்பிடுவாங்களாம். நேரா வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிடறேன். மெஷினைத் துணி போட்டு மூடி வெச்சிருக்கேன், அவன் வந்துதான் எடுக்கணும்.

அக்கா

மே 7

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்கற தகுதி எனக்கில்லை. இல்லத்துலேர்ந்து உனக்குச் செய்தி வந்திருக்கும். நெஞ்சுல சளி கட்டி, மூச்சு முட்டி, ரெண்டாம் தேதி காலையில போயிட்டான். ஊட்டும்போது புரையேறினதாலன்னு டாக்டர் எழுதியிருக்கார். அடக்கம் பண்ணும்போது நான் தூரத்துல நின்னு பார்த்தேன். உறவினர் யாராவது வந்திருக்காங்களான்னு கேட்டாங்க. யாரும் பதில் சொல்லலை.

நான் பொய் எழுதினேன். அவன் சாப்பிடலை.

ஞாயித்துக்கிழமை மதியம் போனேன். நீள மேஜை, நாற்பது பேர். கண்காணிப்பாளர் ஊழியர்களை வரிசையா நிறுத்தி, ‘விதிகளை எழுதினவரே வந்திருக்கார்’னு சொன்னார். கை தட்டினாங்க. அண்ணன் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். போட்டிருந்த சட்டையோட தையலையே பிரிச்சுட்டு இருந்தான். ஒரு பக்கம் கழண்டு தொங்கிட்டிருந்தது. விலா எலும்பு தெரிஞ்சுது.

‘இவரைத் தெரியுமா சார்?’னு கேட்டார். ‘ஒரு புகார்க் கோப்புல பார்த்தேன்’னேன்.

அந்தக் கோப்புல கையெழுத்துப் போட்டதும் நான்தான். தெரியாம போடலை. எந்த இல்லம், எந்தச் சொல், யாரைப் பார்த்துச் சொன்னதுன்னு எல்லாம் அதுல இருந்தது. படிச்சேன். பேனாவை மூடி வெச்சேன். போடலைன்னா ஏன்னு கேட்பாங்களேன்னு மறுபடி திறந்தேன்.

கண்காணிப்பாளர் கூப்பிட்டார். அண்ணன் அசையலை. ‘பார்த்தீங்களா, காது கேட்கலை’ன்னார். அப்புறம் நான் கூப்பிட்டேன், பதிவேட்டுல உள்ள பெயரால. என் குரல் கேட்டதும் நூல் பிரிக்கற கை நின்னுது. திரும்பலை, ஆனா கை நின்னுது. அடுத்து நான் என்ன சொல்லப் போறேன்னு காத்துட்டிருந்தான். எனக்கு நல்லாவே தெரியும், காத்துட்டிருந்தான். அந்த வார்த்தை என் நாக்கு வரைக்கும் வந்தது. வரிசையா நிக்கறவங்களைப் பார்த்தேன். ‘தேநீர் ஆறிடும் சார்’னு கண்காணிப்பாளர் சொன்னார். போயிட்டேன்.

எல்லாத்துக்கும் மரியாதையான சொல் கண்டுபிடிச்ச எனக்கு என்னைத் திட்டிக்க ஒரு சொல் கிடைக்கலை. எனக்கு எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆச்சு. அதுல ‘கை நின்னுது’ன்னு எழுதியிருக்கே, அந்த ஒரு வரியைத் தாண்டி என்னால போக முடியலை. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிக்கறேன்.

உன்னைத் திட்டணும்னு பலதடவை பேனாவை எடுத்தேன். திட்டறதுக்குப் பதிலா ஒண்ணு சொல்றேன். அம்மா சாகற வரைக்கும் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. அவ போன அப்புறமும் நான் சொல்லலை. இப்ப எதுக்கு மறைக்கணும்?

உனக்கு அப்ப நாலு வயசு முடியலை. அவனுக்கு ஏழு. அது வரைக்கும் அவன் எந்தப் பேருக்கும் திரும்பினதில்லை. அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தா, கண்ணேன்னா, ராசான்னா, தட்டைத் தட்டினா, ஒண்ணுக்கும் அசைய மாட்டான். வாயில திணிச்சுத்தான் சாப்பாடு. அவன் ஏழு வருஷம் கூப்பிடறதுக்கு வராத பிள்ளைடா.

தெருப் பசங்க அவன் மேல மண்ணை வாரிப் போட்டு மண்டு, மண்டுன்னு கத்துவாங்க. அதுக்கும் திரும்ப மாட்டான். ஒருநாள் நீ அவங்க நடுவுல நின்னே. அவங்க உன்னையும் விளையாட்டுல சேர்த்துக்கணும்னு உனக்கு ஆசை. நீயும் கத்தினே, மத்தவங்களை விட உரக்கவே கத்தினே. நான் ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டு இருந்தேன். அவன் டக்குன்னு திரும்பினான். உன்னைப் பார்த்துச் சிரிச்சுட்டே ஓடி வந்தான். பசங்க எல்லாம் கைகொட்டிச் சிரிச்சாங்க. அம்மா விளக்குமாத்தோட உன்னை அடிக்க வந்தா. அவன் குறுக்கே நின்னு உனக்கு விழ வேண்டிய அடியை வாங்கிட்டான். அன்னைக்குத் தட்டு வெச்சதும் உன் முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான். நீ கூப்பிட்டே. தன் கையால எடுத்துச் சாப்பிட்டான். அம்மா அடுப்படியில உட்கார்ந்து முந்தானையைக் கடிச்சுட்டு அழுதா.

அப்புறம்தான் நாங்களும் அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சோம். எங்களுக்கு எல்லாம் அது உன்கிட்டேயிருந்து வந்ததுதான். பசங்க சொன்னது அவனுக்கு வசவு. நீ சொன்னதாலதான் அது அவன் பேர் ஆச்சு. நீ மனசு கஷ்டப்படுவேன்னு அம்மா யாரையும் சொல்ல விடலை.

இல்லத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். பதிவேட்டைக் காட்டினாங்க. அவன் பேர் ஒரு எழுத்துப் பிழை இல்லாம இருக்கு, பக்கத்துல உன் புது வார்த்தை. அடுத்த வருஷம் அதையும் மாத்தப் போறாங்களாம், கண்காணிப்பாளர் சொன்னார்.

எனக்கு உடம்பு தேறிடுச்சு. பாப்பாவைப் பார்த்துக்கோ. இதுக்குப் பதில் எழுதாதே. நீ நல்லா எழுதுவே, படிச்சா மன்னிச்சாலும் மன்னிச்சுடுவேன்.

அக்கா